வைஃபை கார்டு கையில வந்தாச்சா? டேப் பட்டனை ஆன் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

பேங்க்ல இருந்து வந்த புது கார்டை கவர்ல இருந்து எடுத்துப் பாருங்க, ஒரு ஓரத்துல நாலு வளைஞ்ச கோடு இருக்கும், வைஃபை சிம்பலைப் படுக்க வச்ச மாதிரி. அதனால தான் நம்ம ஊர்ல இதை வைஃபை கார்டுன்னு சொல்றாங்க, உண்மையில வைஃபைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஆனா கடைக்காரர்ல இருந்து பேங்க் கேஷியர் வரைக்கும் அதே பேர் தான், நானும் அப்படியே சொல்றேன். இந்தக் கோடு இருக்கிற கார்டை மெஷின்ல சொருக வேண்டாம், மேல காட்டினா போதும், இதுக்குப் பேர் தான் டேப், பீப்னு ஒரு சத்தம், 5,000 ரூபாய் வரைக்கும் பின் நம்பரே கேக்காம காசு போயிடும்.

இதை எழுதக் காரணம் எங்க அப்பா. ரிட்டயர் ஆகி ஏழு வருஷம் ஆச்சு, பென்ஷன் அக்கவுண்ட்டோட பழைய கார்டு முடிஞ்சு புதுசு வந்துச்சு. நான் தான் பேங்க் ஆப்பைத் திறந்து ஏடிஎம், கடை, ஆன்லைன், டேப், வெளிநாடுன்னு இருந்த எல்லா பட்டனையும் வரிசையா ஆன் பண்ணிக் குடுத்தேன், பின்னாடி எதுவும் வேலை செய்யலன்னு அவர் எங்கயும் நிக்கக் கூடாதேன்னு. ரெண்டு மாசம் கழிச்சு சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து ஸ்ரீரங்கம் போற பஸ் கூட்டத்துல பர்ஸ் போயிடுச்சு. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டும்போது தான் அவருக்கே தெரியுது. கார்டுக்குத் தான் பின் நம்பர் இருக்கேன்னு அதைப் பத்தி அவர் கவலையே படல, பர்ஸ்ல இருந்த ஆதார் ஜெராக்ஸ் போச்சேன்னு தான் வருத்தம். சாயங்காலம் நான் வந்து விஷயம் கேட்டு அவர் ஃபோனை எடுத்துப் பாத்தா ரெண்டு மெசேஜ், ஒரு கடையில 4,800, இன்னொரு கடையில 4,950. ரெண்டுமே 5,000க்கு ஒட்டி கீழ. எடுத்தவனுக்கு ரூல் நல்லாவே தெரிஞ்சிருக்கு, எங்களுக்குத் தான் தெரியல. கஸ்டமர் கேருக்கு அடிச்சு கார்டை ப்ளாக் பண்ணி முடிச்ச கால் மணி நேரத்துல மூணாவதா ஒரு மெசேஜ் வந்துச்சு, டிக்ளைன்டுன்னு.

போனது 9,750 ரூபாய். அது எப்படித் திரும்பி வந்துச்சுன்னு கடைசியில சொல்றேன், முதல்ல உங்களுக்கு அது நடக்காம இருக்க என்ன பண்ணணும்னு பாப்போம்.

முதல்ல எதுக்கு பயப்படணும், எதுக்கு வேண்டாம்

வாட்ஸாப்ல ஒரு வீடியோ சுத்திட்டே இருக்கு, கூட்டத்துல ஒருத்தன் மெஷினை வச்சுக்கிட்டு உங்க பேன்ட் பாக்கெட் பக்கத்துல காட்டிக் காசை உருவுற மாதிரி. அப்படி நடக்கவே முடியாதுன்னு நான் சொல்லல, ஆனா உங்க கவலையில முக்கால்வாசியை அதுக்குச் செலவு பண்ணாதீங்க. கார்டுல பேட்டரி கிடையாது, உள்ள மெல்லிசா ஒரு கம்பிச் சுருள் ஓடுது, மெஷின்ல இருந்து வர்ற அலையில இருந்து தான் அதுக்கு கரண்டே கிடைக்குது, அதனால ரெண்டு மூணு விரக்கடை தூரத்துக்குள்ள கொண்டு வந்தா தான் பேசும். பர்ஸ்ல ரெண்டு மூணு வைஃபை கார்டு ஒட்டி இருந்தா மெஷின் குழம்பி பெரும்பாலும் எடுக்காது. அதையும் தாண்டி எடுத்தாலும் அந்த மெஷின் யாரோ ஒருத்தரோட பேங்க் அக்கவுண்ட்ல கட்டியிருக்கு, கேஒய்சி குடுத்து வாங்கினது, காசு எங்க போச்சுன்னு தடம் இருக்கும். ஒவ்வொரு டேப்புக்கும் சிப் ஒரு தடவை மட்டுமே செல்லுற ஒரு புது ரகசியக் குறியீட்டைப் போட்டு அனுப்புது, அதைக் காப்பி அடிச்சு மறுபடி யூஸ் பண்ண முடியாது. ஃபோன்ல ஒரு ஆப் வச்சு கார்டைத் தொட்டா கார்டு நம்பரும் எக்ஸ்பைரி தேதியும் தெரியலாம், ஆனா பின்பக்கம் அச்சடிச்சிருக்கிற மூணு நம்பர் அதுல வராது.

சொல்லப்போனா சில விஷயத்துல டேப் தான் சேஃப். பிரேசில்ல ப்ரைலெக்ஸ்னு ஒரு வைரஸ், கடை பில்லிங் சிஸ்டத்துல உக்காந்துக்கிட்டு டேப் பண்ணா வேணும்னே எர்ரர் காட்டும், கார்டைச் சொருகுங்கன்னு சொல்லும், ஏன்னா டேப்ல இருந்து அதுக்குத் திருட ஒண்ணும் உருப்படியா கிடைக்கல. 2023 ஜனவரியில காஸ்பர்ஸ்கி கம்பெனி அதை வெளிய கொண்டு வந்தாங்க.

அப்போ உண்மையான ஆபத்து எங்க இருக்கு? ரொம்ப சாதாரண இடத்துல. கார்டு தொலைஞ்சு போறது, கார்டு இன்னொருத்தர் கையில கொஞ்ச நேரம் இருக்கிறது, கடையில நீங்க ஸ்க்ரீனைப் பாக்காம நீட்டுறது, ஃபோன்ல யாரோ சொன்னதைக் கேட்டுப் பண்றது. இந்த நாலும் தான்.

சுவிட்ச் உங்க கையில தான் இருக்கு, அது உங்க உரிமை

இது பல பேருக்குத் தெரியாது, எனக்கும் அப்பா பர்ஸ் போற வரைக்கும் தெரியாது. ரிசர்வ் பேங்க் 2020 ஜனவரி 15ம் தேதி ஒரு சர்குலர் போட்டுச்சு, அந்த வருஷம் அக்டோபர் 1ல இருந்து அமலுக்கு வந்துச்சு. அதுல என்ன சொல்லியிருக்குன்னா, புதுசா குடுக்கிற கார்டோ, புதுப்பிச்சு குடுக்கிற கார்டோ, இந்தியாவுக்குள்ள ஏடிஎம்லயும் கடை மெஷின்ல சொருகியும் மட்டும் தான் வேலை செய்யணும். ஆன்லைன், டேப், வெளிநாட்டு உபயோகம் மூணும் ஆஃப்ல தான் இருக்கணும், வேணும்னா கஸ்டமர் தானே ஆன் பண்ணிக்கணும். அதோட ஒவ்வொண்ணையும் எப்ப வேணா ஆன் ஆஃப் பண்ண, லிமிட்டைக் கூட்டக் குறைக்க, 24 மணி நேரமும் வசதி குடுக்கணும், ஆப், நெட் பேங்கிங், ஏடிஎம், ஃபோன் ஐவிஆர் (1 அழுத்துங்க, 2 அழுத்துங்கன்னு சொல்ற பதிவுக் குரல்)னு பல வழியில. ஆக டேப் வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்றது பேங்க் இல்ல, நீங்க. கவுன்ட்டர்ல உக்காந்திருக்கிறவர் "இப்ப எல்லாமே டேப் தான் சார், ஆன்லயே விட்டுடுங்க"ன்னு சொன்னா தலையாட்டிட்டு வர வேண்டாம்.

இப்ப செய்ய வேண்டியது. ஆப்பைத் திறந்து கார்டு பகுதிக்குப் போங்க, மேனேஜ் கார்டு, கார்டு கன்ட்ரோல், லிமிட், இப்படி ஒவ்வொரு பேங்க்ல ஒரு பேர் வச்சிருப்பாங்க. உள்ள போனா உள்நாடு, வெளிநாடுன்னு ரெண்டு பிரிவு. வெளிநாட்டைப் பூராவும் ஆஃப் பண்ணுங்க, டிக்கெட் போட்டு பாஸ்போர்ட்டை எடுக்கிற அன்னைக்கு ஆன் பண்ணிக்கலாம். இது டேப்பை விட முக்கியம், ஏன்னா வெளிநாட்டு சைட்ல பல இடத்துல ஓடிபி கேக்காமலே கார்டு நம்பரை வச்சு எடுத்துடலாம். உள்நாட்டுப் பிரிவுல டேப் இல்லன்னா கான்டாக்ட்லெஸ்னு இருக்கும். உங்களுக்கு டேப் பழக்கமே இல்லன்னா ஆஃப், யோசிக்கவே வேண்டாம். தினமும் டீக்கடை பக்கத்து சூப்பர் மார்க்கெட்ல டேப் பண்ற ஆளா, ஆன்ல வச்சு லிமிட்டை 500, 1,000னு இறக்குங்க. 5,000ங்கிறது ரிசர்வ் பேங்க் வச்ச உச்சவரம்பு தான், 2015ல 2,000மா இருந்துச்சு, 2021 ஜனவரி 1ல இருந்து 5,000 ஆச்சு, உங்க கார்டுக்கு அவ்வளவு வேணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்ல. ஒரு நாளைக்கு எத்தனை டேப்னு பேங்க் தனியா ஒரு கணக்கு வச்சிருக்கலாம், அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க, கார்டு தொலைஞ்சா உங்க நஷ்டம் எவ்வளவு வரைக்கும் போகும்னு அதுல தான் தெரியும்.

ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க. தெரிஞ்ச கடையில 20 ரூபாய்க்கு ஏதாவது வாங்கிக் கார்டைக் காட்டுங்க. மெஷின் கார்டைப் படிக்கும், பீப் சத்தம் கூட வரலாம், பயந்துடாதீங்க, ரெண்டு செகண்ட்ல டிக்ளைன்டுன்னு வரும். ஏன்னா சுவிட்ச் கார்டுல இல்ல, பேங்க் சர்வர்ல இருக்கு, கார்டு எப்பவும் போல பேசும், பேங்க் தான் முடியாதுங்குது.

சில பேர் கார்டு ஓரத்துல ஓட்டை போட்டு உள்ள இருக்கிற கம்பியை அறுத்துடுறாங்க, சில பேர் ஃபாயில் பேப்பர் சுத்துறாங்க, தனியா கவர் விக்குறவங்களும் இருக்காங்க. ஃபாயில் வேலை செய்யும் தான், ஆனா தொலைஞ்ச கார்டை எடுத்தவன் ஃபாயிலைக் கழட்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஓட்டை போடுற வேலையே வேண்டாம், சிப் வரைக்கும் கெட்டுப் போனா ஏடிஎம்லயும் வேலை செய்யாது. டேப் இல்லாத கார்டே குடுங்கன்னு பிராஞ்ச்ல கேட்டுப் பாக்கலாம், பெரும்பாலும் அப்படி ஸ்டாக்கே வர்றதில்லன்னு தான் பதில் வரும், இது எனக்கு இன்னைக்கும் வருத்தம் தான், வேண்டாம்னு சொல்ற ஆளுக்கு வேண்டாத பொருளைக் குடுத்துட்டு நீயே ஆஃப் பண்ணிக்கோங்கிறது முழு உரிமை ஆகாது. ஸ்மார்ட்ஃபோன் இல்லாத அம்மா அப்பாவுக்கு இதை யார் ஆஃப் பண்ணிக் குடுப்பா? பிராஞ்ச்ல எழுதிக் குடுத்து ஆஃப் பண்ணச் சொல்லுங்க, சீல் போட்ட நகல் வாங்கிக்குங்க.

ஒரு விதிவிலக்கு. மெட்ரோவுலயும் பஸ்லயும் தட்டுற சிங்காரச் சென்னை கார்டு மாதிரி பயண கார்டுக்கு இந்த ஆன் ஆஃப் சுவிட்ச் கட்டாயம் இல்ல. அதுக்குள்ள ஏத்தி வச்சிருக்கிற காசு பர்ஸ்ல இருக்கிற நோட்டு மாதிரின்னு நினைச்சுக்குங்க, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஏத்துங்க.

கடையில நிக்கும்போது

பெட்ரோல் பங்க்ல வண்டியில உக்காந்துக்கிட்டே கார்டை நீட்டுற பழக்கத்தை விடுங்க. அவர் கார்டை வாங்கிட்டு அந்தப் பக்கம் போயிடுவார், மெஷின்ல என்ன அடிச்சார்னு நமக்குத் தெரியாது, முன்னாடியாவது பின் போட மெஷின் நம்ம கைக்கு வரும், அப்போ தொகையைப் பாத்துடுவோம், டேப்ல அந்தப் பார்வையே போயிடுது. பின் நம்பர் திருட்டைத் தடுக்கிறது மட்டும் இல்ல, நம்மளை ஒரு நிமிஷம் நிறுத்தி ஸ்க்ரீனைப் பாக்க வச்சதும் அதே பின் தான். அதனால கார்டைக் குடுக்காதீங்க, மெஷினைக் கேளுங்க. "அண்ணே மெஷினைக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்க" அவ்வளவு தான். ஸ்க்ரீன்ல 500க்கு ஒரு சைபர் கூட விழுந்திருக்கான்னு பாத்துட்டு நீங்களே தொடுங்க.

டேப் ஆன்ல இருந்தாலும் சின்னத் தொகைக்குக் கூட கார்டைச் சொருகிப் பின் போட்டுத் தான் குடுப்பேன்னு நீங்க சொல்லலாம், ரிசர்வ் பேங்க்கோட 2015 சர்குலர்லயே அந்தச் சாய்ஸ் கஸ்டமருக்கு இருக்கு. கடைக்காரர் அலுத்துக்கிட்டா அலுத்துக்கட்டும்.

தொகை தப்பா போயிட்டா அங்கேயே நில்லுங்க, வீட்டுக்குப் போய் ஃபோன் பண்ணிக்கலாம்னு கிளம்பாதீங்க. அன்னைக்குக் கணக்கை மெஷின்ல செட்டில் பண்றதுக்கு முன்னாடி அந்த பில்லை வாய்ட் பண்ண, அதாவது ரத்து பண்ண முடியும், வாய்ட் ஸ்லிப் தனியா அடிச்சு வரும், அதைக் கேட்டு வாங்குங்க. ஸ்லிப்பை உடனே ஃபோட்டோ எடுத்துக்குங்க, அந்த வழுவழு பேப்பர் ஒரு மாசம் பர்ஸ்ல இருந்தா வெள்ளையா வெளுத்துப் போயிடும், எழுத்து ஒண்ணும் மிஞ்சாது.

கார்டு ஒரு நொடி இன்னொருத்தர் கைக்குப் போய் வந்தாலும் திரும்ப வாங்கும்போது பேரைப் படிங்க. ஏடிஎம்ல உதவி பண்றேன்னு வந்து அதே கலர் கார்டை மாத்திக் குடுக்கிற பழைய வேலை இன்னும் நடக்குது, முன்னாடி அவனுக்குப் பின் நம்பரும் வேணும், டேப் ஆன்ல இருந்தா அது கூட வேண்டாம்.

ஃபோனுக்குப் பின்னாடி கார்டை வைக்கச் சொன்னா

இது புதுசு, எல்லாரும் தெரிஞ்சுக்கணும். செக் நாட்டுல 2023 கடைசியில ஆரம்பிச்சது, 2024 ஆகஸ்ட்ல ஈசெட்ங்கிற ஆன்டிவைரஸ் கம்பெனி என்கேட்னு பேர் வச்சு வெளிய சொன்னாங்க. பேங்க்ல இருந்து பேசறேன்னு கால் வரும், உங்க அக்கவுண்ட்டை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க, உடனே பின் மாத்தணும், இந்த ஆப்பைப் போடுங்கம்பாங்க. ஆப் பாக்க பேங்க் ஆப் மாதிரியே இருக்கும். என்எஃப்சியை (ஃபோன்ல இருக்கிற டேப் வசதி) ஆன் பண்ணுங்க, கார்டை ஃபோனுக்குப் பின்னாடி ஒட்டி வைங்க, பின் அடிங்க. நீங்க வச்ச அந்த நொடியில உங்க கார்டு பேசுற பேச்சு நெட் வழியா இன்னொரு ஃபோனுக்குப் போகுது, அந்த ஃபோனை வச்சுக்கிட்டு ஒருத்தன் ஏடிஎம் முன்னாடி நிக்கிறான். கார்டு உங்க கையில, காசு அவன் கையில. ப்ராக்ல ஏடிஎம்ல எடுத்துக்கிட்டு இருந்த ஒருத்தனைப் போலீஸ் 2024 மார்ச்ல பிடிச்சது.

யார் ஃபோன் பண்ணிச் சொன்னாலும் கார்டை ஃபோன்ல ஒட்டாதீங்க. கட் பண்ணிட்டு கார்டு பின்னாடி இருக்கிற நம்பருக்கு நீங்களே அடிங்க. பேமென்ட்டுக்கு ஃபோன் என்எஃப்சி யூஸ் பண்ணாதவங்க அதை ஆஃப்லயே வைக்கலாம்.

கார்டு போயிடுச்சா, காசு போயிடுச்சா: அந்த நாள்ல பண்ண வேண்டியது

தேடிப் பாத்துட்டு ப்ளாக் பண்ணலாம்னு இருக்காதீங்க. முதல்ல ஆப்ல டெம்பரரி ப்ளாக், அப்புறம் தேடுங்க, கிடைச்சா திறந்துக்கலாம். ஆப் இல்லன்னா கஸ்டமர் கேர். அந்த நம்பர் கார்டு பின்னாடி தான் இருக்கும், கார்டே இல்லாதப்போ எங்க போய்ப் பாக்குறது, அதனால இன்னைக்கே ஃபோன்ல சேவ் பண்ணி வீட்டு காலண்டர் பின்பக்கமும் எழுதி வைங்க. ப்ளாக் பண்ணும்போது அவங்க குடுக்கிற கம்ப்ளெயின்ட் நம்பர், மணி, ரெண்டையும் எழுதிக்குங்க. நீங்க சொன்னதுக்கு அப்புறம் போற ஒவ்வொரு ரூபாயும் பேங்க் பொறுப்பு, அதனால அந்த மணிக்கு அவ்வளவு மதிப்பு. பின்னாடியே 1930க்கு அடிச்சு சைபர் க்ரைம்லயும் பதிவு பண்ணுங்க.

இப்ப எங்க கதை. மறுநாள் பிராஞ்சுக்குப் போனோம். அங்க இருந்தவர் ஸ்டேட்மென்ட்டைப் பாத்துட்டு, "கார்டை நீங்க தானே சார் தொலைச்சீங்க, டேப்புக்குப் பின் கேக்காது, பேங்க் என்ன பண்ணும்" அப்படின்னார். அப்பா சரிங்கன்னு எழுந்துட்டார். நாப்பது வருஷம் வேலை பாத்த மனுஷன், ஒரு மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் சொன்னா அது தான் முடிவுன்னு பழகினவர். எனக்கு அது தான் தாங்கல.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து தேடினதுல கிடைச்சது ரிசர்வ் பேங்க்கோட 2017 ஜூலை 6 சர்குலர், கூட்டுறவு பேங்க்குக்கு அதே வருஷம் டிசம்பர்ல வந்துச்சு. விஷயம் இது தான். தப்பு பேங்க் பக்கம்னா நீங்க எப்ப சொன்னாலும் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. தப்பு பேங்க்கும் இல்ல நீங்களும் இல்ல, மூணாவது ஆள்னா, பேங்க் மெசேஜ் வந்ததுல இருந்து மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா முழுக் காசும் திரும்ப வரணும். நாலுல இருந்து ஏழு நாள்னா உங்க நஷ்டத்துக்கு ஒரு உச்சவரம்பு, சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கு 10,000 ரூபாய், அடிப்படை சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கு 5,000. ஏழு தாண்டினா அந்தந்த பேங்க் பாலிசி. மெசேஜ் வந்த நாளைக் கணக்குல சேக்கக் கூடாது, உங்க பிராஞ்ச் லீவு நாளும் சேராது. ஓடிபி, பின் நீங்களே சொல்லிக் குடுத்திருந்தா மட்டும் நீங்க பேங்க்குக்குச் சொல்ற வரைக்கும் போனது உங்க தலையில. தப்பு உங்களோடதுன்னா அதை நிரூபிக்க வேண்டியது பேங்க், தப்பு இல்லன்னு நீங்க நிரூபிக்க வேண்டியதில்ல. இந்தக் கடைசி வரியை அப்பாவுக்கு நான் ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன்.

மறுநாளே எழுதிக் குடுத்தோம், கிட்டத்தட்ட இப்படி:

"என் கணக்கில் இன்ன தேதி, இன்ன நேரத்தில், இன்ன தொகைக்கு நடந்த இரண்டு கான்டாக்ட்லெஸ் பரிவர்த்தனைகளை நான் செய்யவில்லை, யாருக்கும் அனுமதி தரவில்லை. பின் நம்பரையோ ஓடிபியையோ யாரிடமும் பகிரவில்லை. கார்டு தொலைந்ததை அன்றே இன்ன மணிக்குத் தெரிவித்துப் புகார் எண் பெற்றேன். ரிசர்வ் வங்கியின் 06.07.2017 சுற்றறிக்கைப்படி மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துள்ளதால் முழுத் தொகையையும் பத்து வேலை நாட்களுக்குள் வரவு வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

ரெண்டு காப்பி, ஒண்ணுல சீல், தேதி, கையெழுத்து. அதே வாசகத்தை மெயில்லயும். வாய்ல சொன்னது கணக்குல வராது, எழுத்து தான் வரும். பத்து வேலை நாளுக்குள்ள பேங்க் தற்காலிகமா காசை வரவு வைக்கணும், 90 நாளுக்குள்ள விசாரிச்சு முடிக்கணும். எங்களுக்கு ஒன்பதாவது வேலை நாள் 9,750 வரவு வந்துச்சு, அது ஷேடோ கிரெடிட், அதாவது தற்காலிக வரவு, உடனே செலவு பண்ணிடாதீங்கன்னு சொன்னாங்க, ரெண்டு மாசம் கழிச்சு முடிச்சாச்சுன்னு லெட்டர் வந்துச்சு.

பேங்க் மாட்டேன்னு சொன்னாலோ, 30 நாள் பதிலே இல்லன்னாலோ பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் ஒம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், காசு எதுவும் கட்ட வேண்டாம், வக்கீலும் வேண்டாம். சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் சைட்ல போடலாம், சந்தேகம்னா 14448க்கு அடிக்கலாம். முதல்ல பேங்க்ல குடுத்த புகாரோட நகல் கேப்பாங்க, சீல் போட்ட காப்பி அங்க தான் உதவும்.

இது எல்லாத்துக்கும் அடிப்படை மெசேஜ் உங்க கைக்கு வர்றது. பேங்க்ல குடுத்திருக்கிற மொபைல் நம்பர் இப்ப நீங்க வச்சிருக்கிறதா, அந்த ஃபோனை தினமும் பாக்கிற ஆள் யாருன்னு பாருங்க. அப்பாவுக்கு இப்ப கார்டு மெசேஜுக்கு மட்டும் தனி ரிங் வச்சுக் குடுத்திருக்கேன், சத்தமா. டேப் ஆஃப், வெளிநாடு ஆஃப், ஆன்லைன் ஆஃப், கடை லிமிட் 3,000, ஏடிஎம் 10,000. கார்டு புதுசா மாறி வரும்போது இந்த செட்டிங் அப்படியே இருக்காது, மறுபடி ஒவ்வொண்ணா பாக்கணும், அவர் கார்டு முடியுற மாசத்தை காலண்டர்ல வட்டம் போட்டு வச்சாச்சு.